ஆறு தூயதாயிற்று, கரை யாருடையது?

ஆற்றை ஊரின் அழகெனப் போற்றுவது தமிழர் மரபு. ஆயினும் துறைமுக நகரங்களைப் பொறுத்தவரை ஆறு முதலில் தொழிலாக இருந்தது. அழகாக ஆனது மிகப் பிற்காலத்தில்தான். மூட்டை சுமந்தோரின் வியர்வையும், படகு தள்ளியோரின் கைக்காய்ப்பும், கிடங்குகளின் மிளகு வாடையும், ரப்பரின் புளித்த நாற்றமும் கலந்ததே துறைமுக ஆறு. இன்று உலகின் பெருநகரங்கள் பலவும் தம் பழைய தொழிற்கரைகளைப் புதுப்பித்து வருகின்றன. கிடங்குகள் உணவகங்களாகின்றன, பட்டறைகள் அடுக்குமாடிகளாகின்றன, சரக்கு இறங்கிய படிகளில் சுற்றுலாப் பயணிகள் அமர்ந்து படம் பிடிக்கின்றனர். இவ்வகைப் புதுப்பிப்புக்கு எடுத்துக்காட்டாக எங்கும் சுட்டப்பெறுவது சிங்கப்பூர் ஆறு. அந்தப் பாராட்டில் ஒரு பாதி முற்றிலும் நியாயமானது. மறுபாதி வழக்காடு மன்றத்தில் நிறுத்தி வினவப்பட வேண்டியது.

சிங்கப்பூர் ஆற்றின் நீளம் ஏறத்தாழ 3.2 கிலோமீட்டர்தான். காவிரியையும் வைகையையும் அறிந்தவர்க்கு அது ஒரு வாய்க்காலாகவே தோன்றும். ஆனால் அந்தச் சிற்றாற்றின் கரையில்தான் ஒரு நாட்டின் செல்வம் தொடங்கியது. 1822இல் இராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தின்படி, இன்று இராஃபிள்ஸ் பிளேஸ் விளங்கும் இடத்தருகே இருந்த குன்றொன்று வெட்டப்பட்டு, அந்த மண்ணால் ஆற்றின் தென்கரைச் சதுப்புநிலம் மேடாக்கப்பட்டது. அவ்வாறு எழுந்த கரையே போட் கீ. குன்றை வெட்டிய கைகளும் சதுப்பை நிரப்பிய தோள்களும் எவருடையவை என்று எந்தக் கல்வெட்டும் கூறுவதில்லை. 1860களில் சிங்கப்பூரின் கப்பல் வணிகத்தில் முக்கால் பங்கு அந்தக் கரையிலேயே நடைபெற்றது. ஆழ்கடலில் நங்கூரமிட்ட கப்பல்களுக்கும் கரைக்கும் இடையே சரக்கேற்றிச் சென்றவை தொங்காங், துவாக்கோ என வழங்கப்பெற்ற படகுகள். அரிசியும் மிளகும் காசுக்கட்டியும் கொப்பரையும் ஈயமும் அப்படகுகளில் ஏறி இறங்கின. மலாயாத் தோட்டங்களில் தமிழர் பால்மரம் சீவித் திரட்டிய ரப்பரும் அக்கரைக் கிடங்குகளில் தங்கிய பின்னரே மேலைநாடுகளுக்குப் புறப்பட்டது. ஆகவே அந்த ஆறு சிங்கப்பூருக்கு மட்டும் உரிய கதையன்று. தீபகற்பத்துத் தோட்டப்புறங்களின் கதையும் அதில் கலந்தோடியது.

அந்தப் படகுகளை முதன்முதலில் செலுத்தியவர்கள் யாவர்? தொடக்க ஆண்டுகளில் ஆற்றுச் சரக்குப் படகுத் தொழிலில் மேலோங்கி நின்றவர்கள் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்கள். தமிழ்பேசும் முஸ்லிம்களான அவர்களுக்கு 1822ஆம் ஆண்டுத் திட்டத்தில் ஆற்றின் மேற்பகுதியில் தனியிடம் ஒதுக்கப்பட்டது. 1826இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் சூலியாக்களின் பள்ளிவாசல் தோன்றியது. அடுத்த ஆண்டே சற்றுத் தொலைவில் மாரியம்மன் கோயில் எழுந்தது. ஆற்றிலிருந்து நடந்து செல்லும் தூரத்தில் இவ்விரு வழிபாட்டிடங்களும் அமைந்தது தற்செயலன்று. உழைப்பு எங்கேயோ, வழிபாடும் அங்கே. பத்தொன்பதாம் நூற்றாண்டு வளர வளரப் படகுத்தொழில் சீனர் கைக்கு மாறியது. தொழில் கைமாறுவது உலக வழக்கு. அதில் குறைகூற ஏதுமில்லை. ஆனால் தொழிலோடு நினைவும் கைநழுவியதே, அதுதான் குறை.

இனி, ஆறு மாசுபட்ட கதையை நேர்மையோடு நோக்க வேண்டும். 1970களில் அந்த ஆறு கருநிறங்கொண்டு நாறியது என்பதை எவரும் மறுக்க இயலாது. பன்றிப் பண்ணைகளின் கழிவும், கழிவுநீர்க் குழாய் காணாத குடியிருப்புகளின் சாக்கடையும், தெருவோர அங்காடிகளின் எச்சிலும், படகுகள் சிந்திய எண்ணெயும் ஒன்றாய்க் கலந்து நீரை நஞ்சாக்கின. 1977 பிப்ரவரியில் மேல் பியர்ஸ் நீர்த்தேக்கத் திறப்புவிழாவில் பேசிய பிரதமர் லீ குவான் யூ, பத்தாண்டுகளுக்குள் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்கும் நிலை வரவேண்டும் என்று இலக்கு வகுத்தார். அந்த இலக்கு வெறும் மேடைப் பேச்சாக முடியவில்லை. சுமார் 26,000 குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. 610 பன்றிப் பண்ணைகளும் 500 வாத்துப் பண்ணைகளும் அகற்றப்பட்டன. 2,800 சிறுதொழில் பட்டறைகள் இடம் மாறின. ஏறத்தாழ 5,000 தெருவோர வியாபாரிகள் உணவங்காடி நிலையங்களில் அமர்த்தப்பட்டனர். 1983 செப்டம்பரில் எண்ணூறுக்கு மேற்பட்ட சரக்குப் படகுகள் ஆற்றைவிட்டுப் பாசிர் பாஞ்சாங் சென்றன. இழப்பீடு நீங்கலாகவே சுமார் 170 மில்லியன் வெள்ளி செலவாயிற்று. 1987இல் பணி நிறைவெய்தியது. அதற்கு முன்பே ஆற்றில் மீன்கள் திரும்பியிருந்தன. 2008இல் மரினா அணைக்கட்டு நிறைவுற்றபின், உப்பு நீர் புகுந்த அதே கழிமுகம் நன்னீர்த் தேக்கமாயிற்று. ஒரு காலத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்த நீர் இன்று குடிநீர் வளத்தின் ஒரு பகுதியாயிற்று.

இஃது அரிய சாதனை. இதனைக் குறைத்து மதிப்பிடுவோர் தண்ணீர்க் குழாயடியில் வரிசையில் நின்றறியாதவர்கள். மழைக்காலத்தில் சாக்கடை வீட்டுக்குள் புகுவதைக் கண்டறியாதவர்கள். ஒழுகும் கூரையின் கீழ் வாழ்ந்தவர்க்கு உறுதியான வீடும், வெயிலில் நின்று விற்றவர்க்குக் குழாய்நீரோடு கூடிய கடையும் கிடைத்தன. பழமையின்பால் கொண்ட பரிவினால் அந்த நாற்றத்தையும் நோயையும் அழகென்று பாடுவது அறிவுடைமையாகாது. வழக்கு தூய்மைக்கு எதிரானதன்று என்பதை முதற்கண் தெளிவுபடுத்துதல் வேண்டும். ஆற்றைத் தூய்மைப்படுத்துதல் வேறு. கரையைத் துடைத்தெறிதல் வேறு. முன்னதன் புகழைப் பின்னதற்கும் போர்த்திவிடுவதே இங்குக் கண்டிக்கப்படுவது.

புதுப்பிப்பைப் போற்றுவோர் வழக்கமாகக் கூறும் கதையில் ஒரு கோணல் உண்டு. “செத்துக் கிடந்த ஆற்றுக்கு உயிர் கொடுத்தோம்” என்பது அவர்களின் கூற்று. நீர் செத்திருந்தது உண்மை. கரை செத்திருந்ததா? 1983 வரை அங்கே எண்ணூறு படகுகள் ஓடின. ஆயிரக்கணக்கானோர் உண்டு உடுத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தனர். ரீட் பாலத்தருகே சீனக் கதைசொல்லிகள் மாலை வேளையில் விளக்கேற்றிப் பழங்கதை சொல்ல, நாளெல்லாம் மூட்டை சுமந்தவர்கள் சூழ அமர்ந்து கேட்ட காலமும் அக்கரைக்கு உண்டு. எழுத்தறியாத தொழிலாளிக்கு அந்தப் பாலத்தடியே பள்ளிக்கூடம். அந்தக் கதைசொல்லியே ஆசிரியர். இத்தகைய ஓர் இடத்தை ‘உயிரற்றது’ என்று அழைப்பவர் உயிர் என்பதற்கு என்ன பொருள் கொள்கின்றனர்? வாங்கும் ஆற்றல் உள்ளவனின் நடமாட்டம் மட்டுமே உயிர் என்றால், உழைப்பவனின் நடமாட்டம் யாது?

மற்றொரு கோணலும் உண்டு. மாசின் பழி எவர்மீது சுமத்தப்பட்டது? படகோட்டி, அங்காடிக்காரர், பண்ணை வைத்திருந்த எளியவர் ஆகியோரே குற்றவாளிகளாகக் காட்சியளிக்கின்றனர். ஆனால் நூற்றைம்பது ஆண்டுக்காலம் அந்த ஆற்றால் கொழுத்த வணிக மாளிகைகள் கழிவுநீர்க் குழாய்க்கு எவ்வளவு கொடுத்தன? கூலிகள் நெருக்கியடித்து உறங்கிய கடைவீட்டு அறைகளுக்குக் கழிப்பிட வசதி செய்யாத குடியேற்ற ஆட்சியின் பங்கு எவ்வளவு? செல்வம் மேல்மாடிக்கு ஏறியது. அழுக்கு மட்டும் கீழே நின்றவன் கணக்கில் எழுதப்பட்டது. ஆற்றின் வரலாற்றைச் சொல்லப் புகுவோர் இக்கணக்கைத் திருத்திச் சொல்ல வேண்டாமா?

கரைக்கு நேர்ந்ததை இனிக் காண்போம். போட் கீயும் கிளார்க் கீயும் 1989இல் பாதுகாப்பு வட்டாரங்களாக அறிவிக்கப்பட்டன. இடித்துத் தள்ளாமல் பழைய கடைவீடுகளைக் காத்தமை பாராட்டுக்குரியது. பல நகரங்கள் அதனைக்கூடச் செய்யவில்லை. ஆனால் காக்கப்பட்டது எது? சுவரும் ஓடும் சன்னலும். அச்சுவர்களுக்குள் இருந்த தொழில் ஒன்றேனும் காக்கப்பட்டதா? 1993இல் கிளார்க் கீ கேளிக்கைக் கிராமமாகத் திறக்கப்பட்டது. கிடங்கு மதுக்கூடமாயிற்று. சரக்கு ஏற்றிய படகுகளின் சாயலில் சுற்றுலாப் படகுகள் மிதந்தன. பிறகு ஆற்றோரத்தில் வெண்கலச் சிலைகள் வைக்கப்பட்டன. மூட்டை சுமக்கும் கூலியும், வணிகரும், நீரில் குதிக்கும் சிறுவரும், கணக்கெழுதும் செட்டியாரும் அங்கே உலோகத்தில் நிற்கின்றனர். சிலை வைத்தது பிழையன்று. கலைஞர்களின் திறமும் குறைந்ததன்று. எனினும் உயிரோடு இருந்தபோது இடமளிக்காத கரை, வெண்கலமானபின் இடமளிக்கிறது என்பதில் உள்ள முரணைக் காணாதிருக்க இயலாது. வெண்கலக் கூலி கூலி கேட்பதில்லை. வெண்கலச் சிறுவன் ஆற்றை அசுத்தப்படுத்துவதில்லை. அதனால்தான் அவர்கள் எல்லார்க்கும் இனியவர்களாயினர்.

இதற்கு மறுப்பாகச் சொல்லப்படுபவற்றுள் வலிமையானது ஒன்றுண்டு. 1972இல் தஞ்சோங் பகாரில் கொள்கலன் முனையம் தொடங்கியது. பாரந்தூக்கிகள் ஒரு நாளில் செய்யும் வேலையைத் தோள்கள் ஒரு மாதத்திலும் செய்ய இயலாது. ஆகவே சரக்குப் படகுகள் எப்படியும் அழிந்தே போயிருக்கும் என்பர். உண்மைதான். எந்த ஆணையும் பிறப்பிக்காவிடினும் அத்தொழில் தேய்ந்திருக்கும். ஆனால் ஒரு முதியவர் எப்படியும் இறப்பார் என்பதற்காக, அவர் வாழ்க்கையைக் கேட்டு எழுதாமல் விட்டுவிடலாமா? தொழில் மடிவதைத் தடுக்க முடியாத சமுதாயத்திற்கும், மடிந்த தொழிலை மறப்பதைத் தடுக்க முடியும். 1983இல் முப்பது வயதில் படகைவிட்டு இறங்கிய இளைஞர் இன்று எழுபதைக் கடந்த முதியவர். இன்னும் பத்தாண்டுகளில் கேட்பதற்கு எவரும் இரார்.

பிறிதொரு மறுப்பு: நகர மையத்து நிலம் விலைமிக்கது, அங்கே மலிவுக் கடைக்கும் எளியவர்க்கும் இடம் ஏது என்பது. இங்குதான் வாதம் அடியோடு சறுக்குகிறது. அந்த நிலத்திற்கு அவ்விலை எப்படி வந்தது? நாறிய ஆற்றின் கரையில் எவரும் பெருவிலை கொடுக்க முன்வரவில்லை. பொதுமக்களின் பணத்தால் ஆறு தூய்மையானது. இருபத்தாறாயிரம் குடும்பங்கள் வீடு பெயர்ந்ததால் தூய்மையானது. அந்தத் தூய்மையே நிலத்தின் விலையை உயர்த்தியது. அவ்வாறாயின் உயர்ந்த விலையில் இடம்பெயர்ந்தவர்க்கும் பங்கு இல்லையா? ஒரு குவளைத் தேநீரை நியாயவிலைக்குக் குடித்து, பேரனோடு ஆற்றைப் பார்த்தவாறு ஒரு மணிநேரம் உட்கார்ந்திருக்கும் உரிமைகூட அவர்க்கு இல்லையா? பொதுப்பணத்தில் மீட்கப்பட்ட கரை பொதுமக்களுக்கு முதல் உரிமையுடையது என்பதே அறம்.

இவ்வழக்கில் பிறரை மட்டும் கூண்டில் ஏற்றுவது நேர்மையன்று. தமிழ்ச் சமுதாயமும் விடைகூறக் கடமைப்பட்டது. ஆற்றங்கரையை அடுத்த தெருவொன்றுக்கு இந்தியர் இழிவெனக் கருதிய ‘கிளிங்’ என்னும் சொல்லே பெயராக இருந்தது. 1920களின் தொடக்கத்தில் அத்தெரு சூலியா தெரு எனப் பெயர் மாற்றம் பெற்றது. ஒரு பெயரில் ஒரு மக்களின் மானம் அடங்கியிருக்கிறது என்பதை அத்தலைமுறை உணர்ந்திருந்தது. இன்று வங்கிக் கோபுரங்களுக்கு இடையே அத்தெருவில் நடந்து செல்லும் தமிழ் இளைஞருள் எத்தனை பேர் ‘சூலியா’ என்பது எவரைக் குறிக்கும் எனக் கூறுவர்? அருகே மார்க்கெட் ஸ்திரீட்டில் நகரத்தார் கிட்டங்கிகள் வரிசையாக இருந்தன. தமிழர் அதனைச் செட்டித் தெரு என்றே அழைத்தனர். 1970களில் நகரச் சீரமைப்பில் அக்கிட்டங்கிகளும் மறைந்தன. செட்டியார்க்கேனும் ஆற்றோரத்தில் ஒரு சிலை வாய்த்தது. படகு தள்ளிய சூலியாத் தமிழரைப் பற்றித் தமிழில் எத்தனை பக்கங்கள் எழுதப்பட்டுள்ளன? சிங்கப்பூர் ஆற்றின் சமுதாய வரலாற்றை ஸ்டீபன் டாப்ஸ் என்னும் அறிஞர் ஆங்கிலத்தில் நூலாக எழுதி 2003இல் வெளியிட்டார். அவர் தமிழரல்லர், அந்த ஆற்றில் அவர் பாட்டனார் மூட்டை சுமந்ததில்லை. சுமந்தவரின் பேரப்பிள்ளைகள் என்ன செய்துகொண்டிருந்தனர்?

பண்டைத் தமிழ்ப் புலவர் இத்தகைய மறதிக்கு ஆளானவர் அல்லர். பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வத்தை மட்டும் பாடிச் சென்றுவிடவில்லை. உப்பு விற்று நெல்லோடு திரும்பிய படகுகள் கழியோரத்தில் கட்டப்பட்டிருந்ததையும், சரக்கு ஏறி இறங்கியதையும், சுங்கம் காப்போர் புலி முத்திரை பொறித்ததையும் கண்ணால் கண்டு பதித்தார். கடல் கொண்ட அந்நகரம் இன்றளவும் தமிழர் மனத்தில் வாழ்வதற்கு அதுவே காரணம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட துறைமுகத்தைத் தெரிந்து வைத்திருக்கும் தமிழ் மாணவன், இருநூறு ஆண்டுகளுக்கு முன் தன் முன்னோர் வந்திறங்கிய துறையை அறியாதிருப்பது கல்வியின் குறையேயன்றி மாணவனின் குறையன்று.

நடந்து முடிந்ததை எண்ணிப் புலம்புவது இவ்வாதத்தின் நோக்கமும் அன்று. புதுப்பிப்பு அலை ஓயவில்லை. காலாங் ஆற்றோரத்தில் 1862 முதல் 1998 வரை இயங்கிய எரிவாயு ஆலை இருந்த நிலமும் குடியிருப்பு வட்டாரமாக்கத் திட்டமிடப்பட்ட நிலமே. மலேசியத் தலைநகரில் கிள்ளான், கோம்பாக் ஆறுகளைத் தூய்மைப்படுத்திக் கரைகளை அழகுபடுத்த, ‘வாழ்வின் ஆறு’ எனப் பொருள்படும் பெயரில் 2011ஆம் ஆண்டளவில் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. ஏறத்தாழ 110 கிலோமீட்டர் நீள ஆற்றுப்பகுதி அதில் அடங்கியது, 4.4 பில்லியன் ரிங்கிட் அதற்கெனக் கணக்கிடப்பட்டது. ஆறுகள் கூடும் முனையில் மஸ்ஜித் ஜாமேக் அருகே நீல விளக்குகளும் நீராவிப் புகையும் இன்று காண்போரைக் கவர்கின்றன. அதே கிள்ளான் ஆற்றை ஒட்டிய பிரிக்ஃபீல்ட்ஸ் தன் பெயரையே செங்கற்சூளைகளிலிருந்து பெற்றது. பின்னர் அங்கே இரயில்வே பணிமனையும் இரயில் பெட்டிகளைக் கோக்கும் முற்றமும் அமைந்தன. தண்டவாளத்தை நம்பி வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாய் அங்குத் தங்கின. அந்த முற்றம் இருந்த இடத்தில் 2001இல் கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. சுற்றிலும் கோபுரங்கள் எழுந்தன. சிங்கப்பூர் ஆற்றில் நிகழ்ந்த மறதி கிள்ளான் கரையிலும் நிகழத்தான் வேண்டுமா?

வேண்டாமெனில் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, எந்தத் தொழிற்கரையைப் புதுப்பிக்க முனைந்தாலும், முதல் இயந்திரம் மண்ணைத் தொடுமுன்னர் அங்கு உழைத்தோரின் வாய்மொழி அவரவர் தாய்மொழியில் பதிவு செய்யப்பட வேண்டும். நிலத்தின் மண்ணைச் சோதிக்கப் பொறியாளரை அனுப்பும் அரசு, நிலத்தின் நினைவைச் சோதிக்க ஒரு எழுத்தரையேனும் அனுப்பலாகாதா? இரண்டாவது, மீட்கப்பட்ட கரையில் ஒரு பகுதி, சிறு பகுதியேயாயினும், எளியவர்க்கு எட்டும் விலையில் உணவும் நிழலும் இருக்கையும் அளிக்கும் பொது இடமாகச் சட்டத்தால் ஒதுக்கப்பட வேண்டும். மூன்றாவது, தெருப்பெயரும் பாலப்பெயரும் கல்வெட்டும் அங்குப் பேசப்பட்ட மொழிகள் அனைத்திலும் பொறிக்கப்பட வேண்டும்.

இம்மூன்றும் அரசின் கடமைகள். நான்காவது கடமை ஒன்று உண்டு. அது தமிழாசிரியர்க்கும் தமிழ் எழுத்தாளர்க்கும் உரியது. ஆற்றைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், காணாத கங்கையையும் காவிரியையும் வருணிக்கும் மாணவன், தன் ஊரின் நடுவே ஓடும் ஆற்றைப் பற்றி ஒரு வரி எழுதத் தெரியாமல் விழிக்கிறான். அவனைக் கரைக்கு அழைத்துச் செல்ல எந்த அமைச்சின் அனுமதியும் தேவையில்லை. அங்கே அமர்ந்திருக்கும் முதியவர் ஒருவரிடம், “தாத்தா, நீங்கள் இங்கே என்ன வேலை செய்தீர்கள்?” என்று கேட்கச் சொல்ல எந்தப் பாடத்திட்டமும் தடையில்லை. அந்த விடையை ஏட்டில் எழுதி வைத்தால் அதுவே வரலாறு.

ஆறு தூயதாயிற்று, நன்று. அந்தத் தூய நீரில் வானளாவிய கோபுரங்களின் நிழல் அழகாகவே விழுகிறது. அதே நீரில் படகு தள்ளியவனின் முகமும் தெரிய வேண்டும். அம்முகம் தெரியாத வரையில் கரை விற்கப்பட்ட நிலமாக இருக்கலாம். மீட்கப்பட்ட நிலம் ஆகாது.